நான்கு-ஒன்றா, நான்கு-இரண்டு-ஒன்றா?

டர்பனின் சாட்ஸ்வொர்த் தெருக்களில் ஓடும் பழைய ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் கார்களின் திறனை அவை எழுப்பும் சத்தத்தைக் கொண்டு அளக்கும் வழக்கம் நம்மவரிடையே இன்னும் இருக்கிறது. சத்தத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பின்புறச் சைலன்சர். திறனைத் தீர்மானிப்பதோ, எஞ்சினை ஒட்டியிருந்து நான்கு சிலிண்டர்களின் புகையையும் ஒரே குழாயில் சேர்க்கும், இங்குள்ளோர் பிராஞ்ச் என்று கேட்டு வாங்கும் குழாய்த்தொகுதிதான். அது நான்கு-ஒன்றா, நான்கு-இரண்டு-ஒன்றா என்பதே கேள்வி.

வெளியேற்று வால்வு திறந்தவுடன் ஓர் அழுத்த அலை குழாய் வழியே பாய்ந்து, குழாய்கள் கூடும் இடத்தில் பரப்பு திடீரென விரிவதால், உறிஞ்சும் அலையாக மாறித் திரும்புகிறது. உள்ளிழு வால்வும் வெளியேற்று வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் கணத்தில் அது வந்து சேர்ந்தால், எஞ்சிய புகையை இழுத்துவிட்டுப் புதுக் கலவைக்கு வழிவிடும். அலை திரும்பும் நேரம் குழாயின் நீளத்தைப் பொறுத்தது என்பதால், எல்லாச் சுழல்வேகத்துக்கும் பொருந்தும் குழாய் என்று ஒன்று கிடையாது.

நான்கு குழாய்களும் ஓரிடத்தில் கூடும் நான்கு-ஒன்று அமைப்பு, உயர்ந்த சுழல்வேகத்தில் கூடுதல் குதிரைத்திறன் தரும். பந்தயத்துக்கு அது சரி. நான்கு-இரண்டு-ஒன்றில் முதலாம், நான்காம் சிலிண்டர்களின் குழாய்கள் ஓர் இணை, மற்றவை இன்னோர் இணை; இவ்விரு இணைகளும் பிறகு ஒன்றாகும். இணையிலுள்ள இரு சிலிண்டர்களும் எஞ்சினின் ஒரு முழுச் சுற்று, அதாவது 360 பாகை இடைவெளியில் எரிவதால் ஒன்றின் புகை மற்றொன்றுக்கு இடையூறாவதில்லை. நடுத்தர வேகத்தில் டார்க், அதாவது சுழற்றும் விசை, நன்றாகக் கிடைக்கும். பைன்டவுன் அருகே ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் ஏறுபவருக்கு வேண்டியது இதுதான்.

எஞ்சினுக்குப் பின்னழுத்தம், அதாவது புகை வெளியேறுவதைத் தடுக்கும் அழுத்தம், அவசியம் என்று கடைக்காரர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. 1.6 லிட்டர் எஞ்சினுக்கு 63 மில்லிமீட்டர் குழாய் பொருத்தினால் தொடக்க இழுவை குறைவதற்குக் காரணம், அகன்ற குழாயில் புகையின் வேகம் தளர்வதே. 50 மில்லிமீட்டரே தாராளம். (புகையின் விசையால் சுழன்று காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ பொருத்திய எஞ்சினின் கதை வேறு, டர்போவுக்குப் பின்னால் குழாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது.) விட்டத்தைவிட வளைவுகளைக் கவனியுங்கள்: சாதாரண அழுத்து இயந்திரத்தில் வளைத்த குழாய், வளைவின் உட்புறத்தில் சுருக்கம் விழுந்து நசுங்கியிருக்கும், உள்ளே தாங்குதண்டு வைத்து வளைத்ததில் வட்டம் கெடாது.

ஜோகன்னஸ்பர்க்கில் அளந்த குதிரைத்திறனை டர்பன் அளவோடு அப்படியே ஒப்பிடவும் கூடாது. ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்திலுள்ள அங்கு காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு, அதனால் எஞ்சினின் திறனும் குறையும். நமக்கோ கடற்கரை உப்புக்காற்று. சாதாரண எஃகுக் குழாய் இங்கு விரைவில் துருப்பிடிக்கும் என்பதால், விலை கூடினாலும் 304 ரகத் துருப்பிடிக்கா எஃகையே கேட்டு வாங்குங்கள்.