டீயைக் குறைத்த பிறகுதான் கை நடுக்கம் நின்றது

சிகரெட்டை விட்டு இந்த மார்கழியோடு பதினான்கு மாதம் ஆகிறது. பத்தொன்பது வருஷம் பிடித்தேன். கோவை கணபதியில் லேத் பட்டறை வேலை. நாளைக்குப் பன்னிரண்டு, ஆர்டர் நெருக்கினால் பதினைந்து. இதற்கு முன் மூன்று தடவை விட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் நாலாம் நாள், ஐந்தாம் நாளில்தான் மறுபடி பற்றவைத்தேன். அந்த நாட்களில் என்ன நடக்கிறது என்று இந்த முறைதான் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் எப்போதும் டீக்கடையில் சில்லறையாகத்தான் வாங்குவேன். பெட்டி என் கைக்கே வராது. அதனால் பெட்டியில் 85 சதவீத இடத்தை அடைத்திருக்கும் எச்சரிக்கைப் படத்தையோ, அதிலேயே அச்சிட்டிருக்கும், புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச போன் எண்ணையோ நான் சரியாகப் பார்த்ததில்லை. ஒருநாள் பெஞ்சுக்கு அடியில் மிதிபட்டுக் கிடந்த காலிப் பெட்டியில் அந்த எண் கண்ணில் பட்டது. அன்று மாலையே கூப்பிட்டேன்.

தமிழிலேயே பேசினார்கள். முதலில் கேட்டது, "காலையில் எழுந்து எத்தனை நிமிஷத்தில் முதல் சிகரெட்?" பத்து நிமிஷம்கூட ஆகாது என்றேன். நிகோடின் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும், கல்லீரல் அதைக் கோட்டினின் என்ற பொருளாக மாற்றிவிடும், பிறகு சிறுநீரில் வெளியேறும் என்றார்கள். போனை வைத்த பிறகு நானே கணக்குப் போட்டேன். இரவு பத்து மணிக்குக் கடைசி சிகரெட் என்றால் காலை ஆறு மணிக்குள் நாலு தடவை பாதியாகியிருக்கும். மிச்சம் பதினாறில் ஒரு பங்கு. படுக்கையிலிருந்து எழும்போதே உடம்பு காலியாகித்தான் எழுகிறது. இத்தனை வருஷம் அதைப் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு திங்கட்கிழமை நிறுத்தினேன். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் மோசம். தலைவலி, எதிலும் மனம் நிற்கவில்லை. அடிஸ்கேல் எங்கே என்று கேட்ட மகளிடம் கத்திவிட்டேன். அவள் பேசாமல் உள்ளே போனது இன்னும் உறுத்துகிறது. அப்புறம் மலச்சிக்கல். இதை யாரும் வெளியே சொல்வதில்லை. காலையில் ஒரு தம் அடித்தால்தான் வரும் என்று பழகியவர்களுக்கு, நிகோடின் இல்லாவிட்டால் குடல் மந்தமாகும். நிறையத் தண்ணீர், இரவில் கொய்யாப்பழம், கீரை என்று இரண்டு வாரத்தில் சரியானது.

நாலாம் நாள்தான் பழைய பயம் வந்தது. நிகோடின் உடம்பை விட்டுப் போயிருக்க வேண்டும். கோட்டினின் மட்டும் இன்னும் சில நாள் தங்கும். ஆனால் எனக்கு நெஞ்சு படபடத்தது, இரவு இரண்டு மணி வரை தூக்கம் இல்லை. மைக்ரோமீட்டரைப் பிடித்தால் கை நடுங்கி, ஒரே ஷாஃப்டுக்கு மூன்று அளவு வந்தது. ஒன்றே ஒன்று பிடித்தால் சரியாகிவிடும் என்று தோன்றியது. முன்பு மூன்று தடவையும் இந்த இடத்தில்தான் விழுந்தேன்.

மறுபடி கூப்பிட்டேன். "டீ எத்தனை குடிக்கிறீர்கள்?" என்றார்கள். எண்ணிப் பார்த்தேன். முன்பு நாலு. இப்போது தம் அடிக்கிற நேரத்துக்கெல்லாம் டீ என்று எட்டு ஆகியிருந்தது. சிகரெட் புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலைத் தூண்டி, டீ காபியில் உள்ள கஃபீனை வேகமாக வெளியேற்ற வைக்கும். புகை நின்றால் சில நாளிலேயே அந்த வேகம் குறையும். அதே நாலு டீ குடித்தாலும் ரத்தத்தில் கஃபீன் முன்பைவிடக் கூடுதலாக நிற்கும். நானோ எட்டு குடித்துக்கொண்டிருந்தேன்! டீயைப் பாதியாக்கச் சொன்னார்கள். அரை கிளாஸாக மூன்று வேளை என்று வைத்தேன். இரண்டே நாளில் தூக்கம் வந்தது, கையும் நின்றது.

ஏக்கம் அதோடு போகவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் சில நிமிஷத்தில் அது இறங்கிவிடும். ஒரு பீஸுக்கு அரத்தால் பிசிறு எடுக்கிற நேரம்தான். தோன்றினால் அரத்தைக் கையில் எடுப்பேன். மூளையில் நிகோடின் வந்து ஒட்டும் இடங்கள் புகைப்பவர்களுக்குக் கூடிப்போயிருக்கும். அவை பழைய அளவுக்கு வர மூன்று மாதம் வரை ஆகலாம். தை பிறந்தபோது, ஒருநாள் முழுக்க சிகரெட் நினைப்பே வரவில்லை என்பதைப் படுக்கும்போதுதான் கவனித்தேன்.

நிகோடின் சூயிங்கம் பற்றி ஒரு வார்த்தை. முன்பு ஒரு தடவை அதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்று, தொண்டை எரிந்து விக்கல் வந்து, தூக்கிப் போட்டுவிட்டேன். தப்பு என்னுடையது. மெதுவாக மென்று, நாக்கில் காரம் தெரிந்ததும் கன்னத்தின் ஓரம் ஒதுக்கி வைக்க வேண்டும். நிகோடின் வாயின் உள்தோல் வழியாகத்தான் ஏற வேண்டும், விழுங்கினால் பெரும்பகுதி கல்லீரலில் வீணாகும். காலையில் எழுந்ததுமே பற்றவைப்பவர்கள் டாக்டரிடம் கேட்டு எடுத்துக்கொள்வது நல்லது. அது பலவீனம் இல்லை.

எங்கள் பட்டறைத் தம்பி ஒருவன் இந்தத் திங்கட்கிழமை விட்டான். இன்று நாலாம் நாள். பதினோரு மணிக்கு டீ சொல்லப் போனபோது மாஸ்டர், "உங்களுக்கு அரை கிளாஸ் தானுங்ணா?" என்றார். அவனுக்கும் அரைதான் என்று சொல்லி வைத்தேன்.