மூங்கில்லயே ஒரு சர்ச் ஆர்கன்

மணிலா பக்கத்துல லாஸ் பின்யாஸ்னு ஒரு ஊரு, அங்க ஒரு பழைய கல்லு சர்ச்சுல மூங்கில் குழாய் வச்ச ஆர்கன் (குழாய்க்குள்ள காத்த விட்டு வாசிக்கிற பெரிய கீபோர்டு வாத்தியம்) ஒண்ணு இருக்கு, யூடியூப்ல கேட்டதுலருந்து எனக்கு அது மேல பைத்தியமே புடிச்சிருச்சு. தியேகோ செரான்னு ஒரு ஸ்பானிஷ் பாதிரியார் 1816ல ஆரம்பிச்சு 1824ல முடிச்சாரு. மொத்தம் 1031 பைப், அதுல 902 மூங்கில், மிச்சம் 129தான் உலோகம் (ட்ரம்பெட் மாதிரி வர்ற சத்தத்துக்கு மூங்கில் ஒத்துவரல போல).

மனுஷன் மூங்கில வெட்டுன கையோட யூஸ் பண்ணல, கடற்கரை மணல்ல புதைச்சு வச்சாரு, பூச்சி அரிக்கிறதெல்லாம் அங்கயே அரிச்சுப் போகட்டும், தாக்குப்புடிக்கிறது மட்டும் போதும்னு. செம ஐடியால்ல?

அப்புறம் நிலநடுக்கம், புயல்னு அடிவாங்கி ரொம்ப காலம் சரியா வாசிக்க முடியாம கெடந்துச்சு. 1973ல ஜெர்மனில பான் நகரத்துல ஆர்கன் செய்யுற கிளைஸ் கம்பெனிக்கு ரிப்பேருக்குப் போச்சு. அந்தக் குளிருக்கும் காஞ்ச காத்துக்கும் மூங்கில் வெடிச்சிடும்ல, அதனால மணிலா வெக்கையும் ஈரப்பதமும் அப்படியே இருக்குற மாதிரி ஒரு தனி ரூமே ரெடி பண்ணி அதுக்குள்ள வச்சு வேலை பாத்திருக்காங்க, எனக்கு இந்தக் கதையிலயே புடிச்சது இதுதான், ரெஸ்டோரேஷன்னா பாலிஷ் போடுறதுன்னு நினைக்கிறவங்க இத படிக்கணும். 1975ல ஊருக்குத் திரும்பி வந்துச்சு, சர்ச் கட்டிடத்தையும் பழைய மாதிரி சரி பண்ணிட்டாங்க. இப்ப வருஷா வருஷம் அங்க ஆர்கன் திருவிழா வேற நடக்குது, ஒரே ஒரு கீபோர்டு உள்ள சின்ன ஆர்கன்தான், ஆனா வெளிநாட்டுல இருந்தெல்லாம் வந்து வாசிக்கிறாங்க.