ஆமைக்கு ஊட்ட ஆள் இருக்கு

"உன் அம்மாவுக்கு யார் பிரஷர் பார்க்கிறது?"

பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்டார். அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை, மழை வருமா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். ஆனால் முள் எந்த எண்ணில் நின்றது என்பதை நான் கவனிக்கவில்லை. மறுபடி காற்றடிக்க வேண்டியதாயிற்று.

நான் நர்ஸ். ஊர் உடன்குடிப் பக்கம். இப்போது இருப்பது செயின்ட் ஹெலினா தீவில், தெற்கு அட்லாண்டிக் கடலின் நடுவில். ஆப்பிரிக்கக் கரைக்கு ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர். தீவு முழுவதும் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம் பேர். எங்கள் ஊர்த் தசராக் கூட்டத்தில் ஒரு தெருவுக்குக்கூடக் காணாது. 2022இல் வந்தபோது ஊரில் எல்லோருக்கும் நெப்போலியனைச் சொல்லித்தான் இடத்தை விளக்கினேன். 1815இல் அவரைச் சிறைவைத்த தீவு, 1821இல் அவர் செத்த தீவு. "அப்ப எதுக்குட்டி அங்க போற?" என்றாள் அம்மா.

எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது. இதை உண்மையாகவே சொல்கிறேன். எதிரே வரும் ஒவ்வொரு காருக்கும் கையசைப்பது பழகிவிட்டது. கேப் டவுனிலிருந்து சரக்குக் கப்பல் வரும் வரை வெங்காயத்தை அரை அரையாக நறுக்குவது பழகிவிட்டது. மீனுக்குக் குறைவில்லை. தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடித்த சூரை, அதுவும் மஞ்சள் துடுப்புள்ள பெரிய சூரை. அதை உதிர்த்து, மிளகாய் போட்டுத் தட்டிப் பொரிக்கிறார்கள். முதல் வாய் வைத்ததுமே வீட்டு ஞாபகம் வந்து, பெரியம்மா வைக்கும் புட்டு, அதில் அவள் கிள்ளிப் போடும் கறிவேப்பிலை, அதைப் பறிக்கப் போய் வேலியில் கிழித்துக்கொண்ட பாவாடை வரைக்கும் போய்விட்டேன். தட்டு ஆறிப்போயிருந்தது.

இவர்கள் சோற்றுக்கு 'ப்ளோ' என்று பெயர். ஒரே சட்டியில் அரிசி, கறி, காய், கறிப்பொடி எல்லாம் போட்டு இறக்குவது. புலாவ்தான் இத்தனை தூரம் கடலில் வந்து இப்படிக் குறுகிவிட்டது. மனிதர்களும் அப்படி வந்தவர்களே. 1659இல் கிழக்கிந்தியக் கம்பெனி பிடித்த தீவு இது. மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், சீனக் கூலிகள், கம்பெனிச் சிப்பாய்கள், எல்லோரும் கலந்த முகங்கள். பாட்டி கண்ணாடியைக் கழற்றினால் எங்கள் தெருக்கோடி அத்தை. விடிந்ததும் கூரையில் மைனா கத்தும். நம் மைனாதான். அதையும் யாரோ கப்பலில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

பாட்டிக்கு மூன்று பிள்ளைகள். ஒருவர் அசென்ஷன் தீவில், ஒருவர் ஃபாக்லாந்தில், கடைக்குட்டி இங்கிலாந்தில். எந்த வீட்டில் கேட்டாலும் இதே மூன்று ஊர்தான். நம் பக்கத்தில் பம்பாய், சென்னை, துபாய் என்று சொல்வோமே, அதே ராகம்.

ஏன் இப்படி என்று கேட்டால் மலையைக் காட்டுகிறார் பாட்டி. சரிவெல்லாம் வாள்போல இலை நீட்டிய ஒரு செடி. நியூசிலாந்திலிருந்து வந்தது, நாருக்காக வளர்த்தது. பிரிட்டிஷ் தபால்துறைக்குக் கட்டுக் கட்டும் கயிறு இந்த நாரில்தான் போனது. தீவே அதை நம்பிப் பிழைத்தது. அவர்கள் செயற்கை இழைக்கு மாறிக்கொண்டார்கள், 1966இல் கடைசி ஆலையும் நின்றது. பாட்டியின் வீட்டுக்காரர் அதில் வேலை பார்த்தவர். ஆலை போயிற்று, செடி போகவில்லை. வெட்ட ஆளில்லாமல் மலை முழுக்க நிற்கிறது.

என் தாத்தா பனையேறி. நாற்பது பனை ஏறி இறங்கி, பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றிய வீடு எங்களுடையது. பனையின் நாரைத் தும்பாக உரித்துக் கட்டி வைத்தால் தூத்துக்குடியிலிருந்து வந்து எடுத்துப்போவார்கள். மாமாமார் யாரும் பனையில் கால்வைக்கவில்லை. ஏறச் சொல்லவும் தாத்தாவுக்கு மனம் வரவில்லை. பனை நிற்கிறது, ஓலை காய்ந்து தானாக விழுகிறது. அன்று பாட்டியோடு அந்த மலையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இரண்டு பேரும் ஒரே காட்டைப் பார்ப்பதுபோலத் தோன்றியது.

இந்தத் தீவுக்காரர்களின் முழுக் குடியுரிமையை பிரிட்டன் 1981ஆம் வருடச் சட்டத்தில் பறித்தது. திருப்பிக் கொடுத்தது 2002இல். கிடைத்த கையோடு இளையவர்கள் மூட்டை கட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன உரிமை? விமான நிலையம் வந்தால் பிள்ளைகள் திரும்புவார்கள் என்று பாட்டி நம்பியிருந்தார். 2017 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வாராவாரம் வரும் பயணிகள் விமானம் முதன்முறையாக இறங்கியது. அடுத்த பிப்ரவரியில், கேப் டவுனிலிருந்து ஐந்தாறு நாள் ஓடிவந்த பழைய அஞ்சல் கப்பல் நின்றுபோனது. முன்பு துறைமுகத்தில் நின்று அழுதோம், இப்போது விமான நிலையத்தில் நின்று அழுகிறோம் என்றார். பிள்ளைகள் சீக்கிரம் வருகிறார்கள், சீக்கிரம் போய்விடுகிறார்கள்.

இங்கே வேலை இருக்கிறது. பள்ளிக்கு ஆசிரியர், ஆஸ்பத்திரிக்கு நர்ஸ், முதியவர்களைப் பார்க்க ஆள், எல்லாம் தேவை. போன பிள்ளைகளின் இடத்தில் என்னைப்போல வெளியூர்க்காரர்கள் நிற்கிறோம். பாட்டியின் மகள் இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அவள் அங்கே யாரோ ஒரு தாய்க்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள், அவள் தாய்க்கு நான் கொடுக்கிறேன். என் தாய்க்கு? இந்தக் கணக்கு ஒருநாளும் எனக்கு நேராகவில்லை.

வந்த புதிதில் அம்மா முகத்தைப் பார்க்கவே முடியாது. இணையம் செயற்கைக்கோள் வழி, விலையும் அப்படி, படம் உறைந்து நிற்கும். 2023 அக்டோபரில் கடலடிக் கேபிள் வேலைசெய்யத் தொடங்கியது. இப்போது இங்கே மூன்று மணி என்றால் அங்கே இரவு எட்டரை. அம்மா சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். அவள் முதலில் விசாரிப்பது என்னை அல்ல, ஜோனதனை. ஆளுநர் மாளிகைப் புல்வெளியில் இருக்கும் ஆமை. 1882இல் கொண்டுவந்தபோதே வளர்ந்த ஆமை, ஏறக்குறைய 1832இல் பிறந்திருக்கும் என்கிறார்கள். கண் தெரியாது, மோப்பமும் போய்விட்டது. அதனால் வாரந்தோறும் ஆள் வந்து காய்கறி, பழமெல்லாம் கையால் ஊட்டுகிறார்கள். ஒருநாள் அதைப் படம் பிடித்து அனுப்பிவிட்டேன்.

"ஏட்டி, ஆமை சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டுச்சும்மா."

"அதுக்கென்ன, ஊட்ட ஆள் இருக்குல்லா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு வாசலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கீழே ஜேம்ஸ்டவுன் பள்ளத்தாக்கு, அதில் இறங்கும் 699 படிகள், அதற்கப்பால் கடல். அந்தப் பக்கம் எது ஊர், எந்தத் திசை என்றுகூடச் சரியாகக் கைகாட்டத் தெரியவில்லை.

போன ஞாயிறு பாட்டி ப்ளோ கொண்டுவந்தார். அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன், அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "சாப்பிட்டீங்களா?" என்று தமிழில் கேட்டாள். பாட்டி தட்டைத் தூக்கிக் காட்டினார். நான் வழக்கம்போல மாத்திரை அட்டையைக் காட்டச் சொன்னேன். அம்மா தலைகீழாகப் பிடித்தாள். எண்ணிப் பார்த்தேன், இரண்டு கூடுதலாக இருந்தது.

"மறந்திட்டேன்" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் பாட்டி போனைத் தன் பக்கம் இழுத்து, விரலை ஆட்டி, அவர்கள் ஆங்கிலத்தில் விறுவிறுவென்று ஏதோ அதட்டினார். அம்மாவுக்கு ஒரு சொல் புரிந்திருக்காது. திரையையே பார்த்தாள். பிறகு அட்டையைப் பிதுக்கி ஒரு மாத்திரையை வாயில் போட்டு, செம்பை எடுத்து அண்ணாந்து தண்ணீர் குடித்தாள்.