கொள் என்கிற ஒரு சின்ன வினை

'கொள்' என்ற வினை மேல் எனக்குத் தனிப் பிரியம். பேருந்தில் மூச்சு முட்ட நிற்கிறோம், நடத்துநர் "உள்ள போங்க, இன்னும் நாலு பேர் கொள்ளும்" என்கிறார். மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்று செய்தி வருகிறது. இரண்டிலும் அது இடம் தருகிற சொல். அதே சொல்தான் 'புரிந்துகொள்'ளிலும், 'சேர்த்துக்கொள்'ளிலும், 'ஏற்றுக்கொள்'ளிலும் வந்து உட்கார்கிறது. கொள்கை, கொள்முதல் எல்லாம் இதன் பிள்ளைகள்தான்.

நன்னூலில் பவணந்தி முனிவர் மாணவர் பாடம் கேட்கும் முறைக்கு வைத்த பெயரே 'கோடல் மரபு', அதாவது கொள்ளும் மரபு. "செவி வாயாக நெஞ்சு களனாக" என்கிறார். காது வாய் போல வாங்க வேண்டும், நெஞ்சு அதை வைத்துக்கொள்ளும் இடமாக இருக்க வேண்டும். எனக்கு இந்த வரி அவ்வளவு பிடிக்கும், ஏனென்றால் கற்பதை மூளை வேலையாக மட்டும் பார்க்காமல் உள்ளே இடம் ஒதுக்குவதாகப் பார்க்கிறது.

ஆனால் இதே சொல் கதவையும் சாத்தும். கொள்வினை கொடுப்பினை என்றால் பெண் எடுப்பதும் கொடுப்பதும், "அவங்களோட நமக்குக் கொள்வினை கொடுப்பினை கிடையாது" என்று எத்தனை வீடுகளில் எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்கள்! சாதி அந்த ஒரு வாக்கியத்திலேயே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரை நன்றாகப் புரிந்துகொண்டேன் என்பவரும் சம்பந்தம் என்று வந்தால் அங்கேயே நின்றுவிடுகிறார், அது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

சரி, உங்கள் ஊர்ப் பேச்சில் 'கொள்' வேறு எப்படியெல்லாம் வரும்? சொல்லுங்கள்.