ஒரு பெயர், நாலு பேர்

போலந்தின் கடைசி மன்னர் ஸ்தனிஸ்லாவ் ஆகஸ்ட் பொனியாதோவ்ஸ்கி. ரஷ்யப் பேரரசி கேத்தரினின் முன்னாள் காதலர். 1764-ல் அரியணை கிடைத்ததும் அவர் தயவில்தான். 1795-ல் நாடே வரைபடத்தில் இல்லாமல் போனது.

தம்பி மகன் யூசெஃப் நெப்போலியன் பக்கம் போனார். 1813-ல் லைப்ஸிக் போர்க்களத்தில் பிரெஞ்சு மார்ஷல் பட்டம். மூன்றே நாளில், பின்வாங்கும்போது பாலத்தைச் சொந்தப் படையே அவசரப்பட்டுத் தகர்த்துவிட, காயங்களோடு எல்ஸ்டர் ஆற்றில் குதிரையை இறக்கியவர் மூழ்கிப்போனார். என்ன பட்டமோ!

1970-களில் பிரான்சின் உள்துறை அமைச்சராக இருந்த மிஷெலும் இந்தக் குடும்பம்தான். சரி, எனக்குப் பிடித்தவர் மெக்சிகோ எழுத்தாளர் எலெனா பொனியாதோவ்ஸ்கா. 1968-ல் த்லாதெலோல்கோ சதுக்கத்தில் மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, உயிர்பிழைத்தவர்களின் வாக்குமூலங்களைத் தேடித்தேடித் தொகுத்தவர். ராஜ வம்சத்துப் பெண், நின்றதோ அரசுக்கு எதிர்ப்பக்கம். ஸ்பானிய மொழி இலக்கியத்தின் உயரிய விருதான செர்வாந்தெஸ் விருது 2013-ல் அவருக்குத்தான்.