ஆடுபுலியை ஸ்டீமில் வெளியிட்டேன்: ஆறு மாதக் கணக்கு

ஆடுபுலி ஆட்டத்தைக் கணினி விளையாட்டாகச் செய்து, ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் விற்கிறேன். அதில் ஏப்ரல் மாதத்துப் பணம் போன வாரம் வங்கிக்கு வந்தது. அதோடு முதல் ஆறு மாதக் கணக்கை நோட்டில் கோடு போட்டு முடித்தேன்.

தனி ஆளாக கேம் செய்து வெளியிட்டவர்களைப் பற்றி நான் தேடிப் படித்ததெல்லாம் பெரிதாக ஜெயித்தவர்கள் கதை. எரிக் பரோன் என்பவர் ஸ்டார்டியூ வேலி என்ற விளையாட்டை நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஒற்றை ஆளாக உட்கார்ந்து செய்தார். சியாட்டிலில் ஒரு தியேட்டரில் ஆட்களை இருக்கைக்கு அழைத்துப்போய் உட்கார வைக்கும் வேலை பார்த்துக்கொண்டே செய்து, 2016 பிப்ரவரியில் வெளியிட்டார். லட்சக்கணக்கில் விற்றது. அதைப் படித்துத்தான் எனக்கும் துணிச்சல் வந்தது. ஆனால் நானூறு பிரதி விற்ற ஒருவர் தன் வரவு செலவைப் பிரித்துக் காட்டி நான் பார்த்ததே இல்லை. பெரும்பாலானவர்கள் அந்த நானூறு பக்கம்தான் இருப்போம் என்று தோன்றுகிறது. அதனால் என் நோட்டை அப்படியே எழுதி வைக்கிறேன்.

நான் கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். வீட்டில் கணவர், ஆறு வயது மகள், அத்தை. காங்கேயம் பக்கம் எங்கள் ஊரில் தாத்தா எனக்கு ஆடுபுலி ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். திண்ணையில் கரித்துண்டால் முக்கோணம் போட்டு, குறுக்கே கோடுகள் இழுப்பார். புலிக்கு மூன்று ஓட்டாஞ்சில்லு, ஆட்டுக்குப் பதினைந்து புளியங்கொட்டை. மொத்தம் 23 புள்ளிகள். பதினைந்து ஆட்டையும் இறக்கி முடிக்கும்வரை ஒரு ஆட்டையும் நகர்த்தக் கூடாது. புலி ஆட்டைத் தாண்டிக் குதித்தால் ஆடு போச்சு. புலி மூன்றையும் நகர விடாமல் அடைத்தால் ஆட்டுக்காரர் ஜெயித்தார். "ஆட்ட ஒத்தையா உடாத கண்ணு" என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் சொல்வார். விளையாட்டின் சூட்சுமம் முழுக்க அந்த ஒரு வரியில் இருக்கிறது என்பது, கணினிப் புலிக்கு யோசிக்கக் கற்றுக்கொடுத்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

2023 பொங்கல் விடுமுறையில் தொடங்கினேன். முதலில் எடுத்த இஞ்சினில், அதாவது விளையாட்டைக் கட்ட உதவும் மென்பொருளில், தமிழ் எழுத்து உடைந்து வந்தது. 'கொ' என்று எழுதினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம். திரையில் வரும் தமிழையெல்லாம் படமாக மாற்றி ஒட்டலாம் என்று ஒரு மாதம் மெனக்கெட்டேன். அந்த மார்ச்சில் கோடாட் என்ற இஞ்சினின் நான்காம் பதிப்பு வந்தது. எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கும் வேலையை அது தானே பார்த்துக்கொண்டது. ஒரே வரி, ஒரே ஃபான்ட், 'கொடு' என்ற சொல் திரையில் ஒழுங்காக நின்றது. அன்று இரவு அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடாட் முழுக்க இலவசம், எம்ஐடி என்ற திறந்த உரிமத்தில் வருவது. என் செலவுக் கணக்கில் இஞ்சினுக்கு என்று ஒரு ரூபாய் இல்லை.

மற்றவற்றுக்கு இருக்கிறது. ஸ்டீமில் ஒரு விளையாட்டைப் போட 100 டாலர் கட்ட வேண்டும். கார்டு கட்டணமெல்லாம் சேர்த்து எனக்கு 8,700 ரூபாய் ஆனது. பின்னணி ஓவியங்களுக்கும் கடைப் பக்கத்தின் முகப்புப் படத்துக்கும் ஒரு ஓவியருக்கு 38,000. இசைக்கு 15,000. என் கணினியில் ஓடுவது பழைய கணினியிலும் ஓடுமா என்று பார்க்க வாங்கிய செகண்ட் ஹேண்ட் லேப்டாப் 24,000. ஆங்கில வசனங்களைத் திருத்தியவருக்கு 6,000. ஒலித்துண்டுகள், ஃபான்ட் உரிமம் 4,300. கூட்டினால் 96,000 ரூபாய். இதில் முகப்புப் படத்துக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. கடையில் ஆள் முதலில் பார்ப்பது தபால்தலை அளவு உள்ள அந்தப் படத்தை மட்டும்தான். நானே வரைந்து வைத்திருந்த பழைய படத்தோடு பக்கம் இரண்டு மாதம் இருந்தது. புதுப்படம் ஏறிய வாரத்திலேயே விஷ்லிஸ்ட் எண்ணிக்கை நகரத் தொடங்கியது.

விஷ்லிஸ்ட் என்பது, வெளிவரும்போது எனக்குச் சொல் என்று ஒருவர் குறித்து வைப்பது. வெளியிடும் நாளில் அவர்களுக்கெல்லாம் மின்னஞ்சல் போகும். 2024 பிப்ரவரியில் பக்கத்தைத் திறந்தேன். வரப்போகும் விளையாட்டுகளின் டெமோக்களுக்காக ஸ்டீம் நடத்தும் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்ற விழா ஜூனில் நடந்தது, அதில் டெமோ போட்டேன். ஒரு விளையாட்டு அதில் ஒரே ஒரு முறைதான் கலந்துகொள்ள முடியும், அதனால் டெமோவை நன்றாகத் தேய்த்து மெருகேற்றிய பிறகு போவது நல்லது. அதற்கு முன் விஷ்லிஸ்ட் 310 இருந்தது, அந்த வாரம் முடிந்தபோது 920. வெளியிட்ட அன்று 1,140.

அக்டோபர் 24, வியாழக்கிழமை, தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு. அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணி, நமக்கு இரவு பத்தரை. மகளைத் தூங்கவைத்துவிட்டு சமையலறை மேசையில் உட்கார்ந்தேன். வெளியிடும் பொத்தானை நாம்தான் அழுத்த வேண்டும். அழுத்தினேன். பக்கத்தில் விலை வந்தது: 4.99 டாலர், இந்தியாவுக்கு 249 ரூபாய், முதல் வாரம் பத்து சதவீதம் தள்ளுபடி. கணவர் அருகில் வந்து நின்று, "என்னம்மா, ஆச்சா?" என்றார். ஆச்சு என்றேன். அவ்வளவுதான். வேறு எதுவும் நடக்கவில்லை. அந்த நிசப்தத்துக்கு நான் தயாராக இருக்கவில்லை. இருபத்திரண்டு மாதமாக நான் ஓடிப்போன திசை அந்தப் பொத்தான், அதை அழுத்தியதும் வீட்டில் ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

விடியும்வரை தூங்கவில்லை. முதல் நாள் 37 பிரதி, முதல் வாரம் 118. அலுவலகத்தில் மீட்டிங் நடுவே மேசைக்கு அடியில் போனைத் திறந்து எண்ணைப் பார்ப்பேன். ஒன்று கூடியிருந்தால் அன்று முழுக்க நல்ல நாள். குறைந்திருந்தால், அதாவது யாராவது திருப்பிக் கொடுத்திருந்தால், மதியச் சோறு இறங்காது. வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பது ஸ்டீமின் விதி. நியாயமான விதி, நானே வாங்குபவளாக அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் ஒன்பது நிமிடம் ஆடிவிட்டு ஒருவர் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்தபோது, அந்த ஒன்பது நிமிடத்தில் அவர் எதைப் பார்த்திருப்பார் என்று மூன்று நாள் யோசித்தேன். அந்த முதல் ஒன்பது நிமிடத்தைக் கையில் கடிகாரத்தோடு நானே ஆடிப் பார்த்தேன். விளக்கம் சொல்லும் பகுதி ஏழு நிமிடம் ஓடியது. அதை இரண்டரை நிமிடமாக வெட்டினேன். அதற்குப் பிறகு திருப்பிக் கொடுப்பவர்கள் குறைந்தார்கள்.

நாலாவது நாள் நடந்ததை இப்போதும் சுலபமாக எழுத முடியவில்லை. ஒருவர் ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதியிருந்தார்: புலி இன்னும் ஒரு ஆட்டைத் தாண்ட முடியும், ஆனால் ஆட்டம் 'ஆடுகள் வென்றன' என்று முடிந்துவிட்டது. உண்மைதான். புலி அடைபட்டதா என்று பார்க்கும் இடத்தில், பக்கத்துப் புள்ளிகள் காலியா என்று பார்க்கும் வரி சரியாக இருந்தது. ஆட்டைத் தாண்டி அந்தப் பக்கம் குதிக்க இடம் உண்டா என்று பார்க்கும் வரி, ஒரு குறிப்பிட்ட மூலையில் வேலை செய்யவில்லை. என் பிழைப்பே மற்றவர் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது. என் தாத்தாவின் ஆட்டத்தில், புலி ஜெயிக்க வேண்டிய இடத்தில் ஆடு ஜெயித்ததாகச் சொல்லி காசு வாங்கியிருக்கிறேன் என்ற நினைப்பு தொண்டையை அடைத்தது. இரவு ஒரு மணிக்கு உட்கார்ந்து நாலு மணிக்குச் சரிசெய்தேன். 23 புள்ளிகளிலிருந்தும் சாத்தியமான ஒவ்வொரு தாண்டலையும் தானாகச் சோதிக்கும் ஒரு சிறு நிரலையும் எழுதினேன். அதை முதல் மாதமே எழுதியிருக்க வேண்டும். எழுதியவருக்கு நன்றி சொல்லிப் பதில் போட்டேன். அவர் 'இப்போது சரி' என்று மட்டும் எழுதி, நல்ல விமர்சனம் ஒன்றையும் போட்டார். அன்று அழுதேன்.

பத்து விமர்சனங்கள் சேரும்வரை பக்கத்தில் 'பாசிட்டிவ்' என்ற மதிப்பீடு வராது. பத்தாவது எனக்கு பத்தொன்பதாம் நாள் வந்தது. உறவினர்களிடம் கேட்டு அந்தப் பத்தை நிரப்பியிருக்கலாம். நிரப்பவில்லை. வாங்கி ஆடியவர் தானாக எழுதியதைப் படிக்கும்போது வருகிற நிம்மதியை நான் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை.

இனி வரவு. டிசம்பர் குளிர்காலத் தள்ளுபடியில் முப்பது சதவீதம் குறைத்தேன். இருபது சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தால் விஷ்லிஸ்ட்டில் வைத்தவர்களுக்கு மறுபடி மின்னஞ்சல் போகும், அதுதான் காரணம். சித்திரை முதல் நாளுக்கு இன்னொரு வாரத் தள்ளுபடி. ஏப்ரல் முடிய மொத்தம் 412 பிரதி, அதில் 31 திரும்பின. மிச்சம் 381, ஏறக்குறைய பாதி இந்தியாவில். இங்கே விற்கும் 249 ரூபாய்க்குள் ஜிஎஸ்டி 18 சதவீதமும் அடக்கம் என்பதைத் தொடங்கும்போது நான் கணக்கில் எடுக்கவே இல்லை. வரி போக, ஸ்டீமின் பங்கு 30 சதவீதம் போக, அமெரிக்காவில் விற்றதற்கு அங்கே பிடிக்கும் வரி வேறு. வெளிநாட்டவர் நிரப்பும் அமெரிக்க வரிப் படிவமான டபிள்யூ-8பென்னில் பான் எண்ணைக் கொடுத்து, இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள வரி ஒப்பந்தத்தைக் காட்டினால் அந்தப் பிடித்தம் 30 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறையும். இதைத் தொடக்கத்திலேயே சரியாக நிரப்பிவிடுங்கள்.

மாதக் கணக்கு 100 டாலரைத் தொடாவிட்டால் பணம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். எனக்கு அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றும் தனித்தனியாக வந்தன. ஜனவரியிலிருந்து தேங்கிக் கிடந்தது. சித்திரைத் தள்ளுபடியில்தான் மொத்த விற்பனை 1,000 டாலரைத் தாண்டியது. தாண்டினால் முதலில் கட்டிய 100 டாலரைத் திருப்பித் தருவார்கள். அந்தக் கோட்டைத் தாண்டிய நாளை நோட்டில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். நான்கு தடவை வெளிநாட்டுப் பணம் வந்ததில் வங்கிகள் வழியில் எடுத்துக்கொண்டது ஏறக்குறைய 3,000 ரூபாய். கைக்கு நின்றது 58,400. திரும்பி வந்த கட்டணம் 8,400. ஆக 66,800. செலவு 96,000. இன்னும் 29,200 ரூபாய் குறைகிறது.

என் நேரத்தை இதில் சேர்க்கவில்லை. நோட்டில் குறித்த கணக்குப்படி 1,310 மணி நேரம். அதைவிட எழுதக் கடினமான இன்னொரு வரி உண்டு. அந்த 1,310 மணி நேரமும் எங்கிருந்து வந்தது? மகளுக்கு இரவு சோறூட்டியது அத்தை. ஞாயிற்றுக்கிழமை அவளை வ.உ.சி. பூங்காவுக்குக் கூட்டிப்போனது கணவர். என் பேர் மட்டும் போட்டு 'தனி ஒருவர் செய்தது' என்று கடைப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதை வாசிக்க வாசிக்க உறுத்தியது. ஜனவரியில் அந்த வரியை எடுத்துவிட்டு, விளையாட்டின் கடைசித் திரையில் அவர்கள் இருவர் பெயரையும் சேர்த்தேன். அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். "எவ்வளவு வந்துச்சும்மா இதுல?" என்று கேட்டார். இன்னும் போட்டது வரலை அத்தை என்றேன். "வரட்டும், மெதுவா வரட்டும். உங்க தாத்தா பேரு எங்க?" என்றார். தாத்தா பெயர் முதல் திரையிலேயே இருக்கிறது.

விற்பனைப் பக்கத்தை இப்போது திங்கட்கிழமை மட்டும் திறக்கிறேன். ஆரம்பத்தில் கை தானாகப் போனது, பிப்ரவரிக்குப் பிறகு பழகிவிட்டது. அதனால் இரவில் மறுபடி வேலை ஓடுகிறது.

போன மாதம் சேலம் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவர்கள் ஊரில் ஐந்து ஆட்டை வெட்டினாலே புலி ஜெயித்ததாக வைத்துக்கொள்வார்களாம். நான் ஆறு என்று வைத்திருக்கிறேன், எங்கள் திண்ணையில் அப்படித்தான். ஊருக்கு ஊர் மாறுகிற விதியை ஒன்றாக இறுக்கி வைத்தது என் தவறு. அடுத்த பதிப்பில் ஆடுபவரே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஐந்து என்று மாற்றி, கணினியைத் தனக்குத்தானே இருநூறு ஆட்டம் ஆடவிட்டுப் பார்த்தால், புலி ரொம்பவே மிஞ்சுகிறது. ஆட்டை இறக்கும்போது முதல் நாலு இடத்தை ஆட்டுப் பக்கம் ஆடும் கணினி தப்பாகத் தேர்கிறது போல. இந்த வாரம் அங்கேதான் நிற்கிறேன்.