ரெஹோவோத்தில் யோம் கிப்பூர்

இஸ்ரேலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு. செப்டம்பரிலோ அக்டோபரிலோ யோம் கிப்பூர் வரும், யூதர்கள் விரதமிருந்து பாவமன்னிப்புக் கேட்கும் நாள். அதற்கு முந்தின நாளே பால், காய்கறி வாங்கி வைத்துவிடுங்கள். அப்புறம் கடை இருக்காது, பஸ், ரயில் ஓடாது, பென் குரியன் விமான நிலையமே மூடிவிடும். கார் ஓட்டக் கூடாது என்று சட்டம் இல்லை, ஆனாலும் அநேகமாக யாரும் எடுப்பதில்லை. பெருஞ்சாலையில்கூடப் பிள்ளைகள் சைக்கிள் விடுகிறார்கள். என் மகள் சைக்கிள் பழகியதே அன்றுதான். 1973இல் போர் வெடித்ததும் இதே நாளில், அக்டோபர் 6 அன்று. வயதானவர்களுக்கு அந்த நினைப்பும் கூடவே வருகிறது.

சூரியன் மறையும் முன் தொடங்கி மறுநாள் இருட்டும்வரை, கிட்டத்தட்ட 25 மணி நேரம் சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் நோயாளி சாப்பிட்டே ஆக வேண்டும் என்பதும் அவர்கள் விதிதான். ஏகாதசி பார்த்து வளர்ந்த எனக்கு விரதம் புதிதில்லை. அதற்கு முந்தைய நாட்கள்தான் புதிது.

ரோஷ் ஹஷானா என்ற புத்தாண்டிலிருந்து யோம் கிப்பூர்வரை பத்து நாட்கள். அந்த நாட்களில் ஒருவரையொருவர் தேடிப் போய் மன்னிப்புக் கேட்கிறார்கள். சிறு வயதில் மொராக்கோவிலிருந்து வந்த கீழ்வீட்டு அம்மா எங்கள் கதவைத் தட்டி, "உன் மனம் நோக ஏதாவது பேசியிருந்தால் மன்னித்துவிடு" என்றார். மகள் ஓடியாடும் சத்தத்துக்காக எப்போதோ கடிந்துகொண்டாராம். எனக்கு அது மறந்தே போயிருந்தது. மனிதருக்கு மனிதர் செய்த குற்றத்தை, நொந்தவரைச் சமாதானப்படுத்தாதவரை யோம் கிப்பூர் தீர்க்காது என்று மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டநூல் சொல்கிறது. இந்த நாளின் உயிரே இதுதான் என்று நான் நம்புகிறேன். அடுத்த வருஷம் நானே முதலில் கீழே இறங்கிப் போனேன்.

ஜெபக்கூடத்துக்கும் அவர்தான் அழைத்துப் போனார். பெண்களுக்கு மாடியில் இடம். பெரும்பாலும் வெள்ளை உடை. தோல் செருப்பு கூடாது என்பதால் காலில் துணி ஷூ, ரப்பர் செருப்பு. மாலையில் கோல் நித்ரே என்ற தொடக்க ஓதல், பழைய அரமேய மொழியில், மூன்று முறை. பாவ அறிக்கை சொல்லும்போது ஒவ்வொரு குற்றத்துக்கும் நெஞ்சில் மெல்லத் தட்டிக்கொள்கிறார்கள். யாரும் 'நான்' என்று சொல்வதில்லை. வாழ்நாளில் எதையும் திருடியிராத கிழவரும் நாங்கள் கொள்ளையடித்தோம் என்று ஊரோடு சேர்ந்து சொல்கிறார். அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

மறுநாள் பிற்பகலில் வேதத்திலிருந்து யோனா தீர்க்கதரிசியின் கதை வாசிப்பார்கள். கடைசியாக நெயிலா என்ற ஜெபம், வானத்து வாசல் அடைபடும் நேரத்துக்கானது. பசியில் சோர்ந்த குரல்கள் அப்போதுதான் ஓங்கி எழும். ஷோஃபார் கொம்பு ஊதியதும் எல்லோரும் வாழ்த்திக்கொண்டு வீட்டுக்கு விரைவார்கள்.

அன்றிரவே சிலர் சுத்தியலை எடுத்துவிடுகிறார்கள். ஐந்தாம் நாள் சுக்கோத் பண்டிகை, அதற்குப் பந்தல் போட வேண்டும். கீழ்வீட்டுப் பந்தலுக்குப் பேரீச்ச மட்டை தூக்கிக் கொடுக்க என் கணவரும் போய்விடுவார்.